துட்டி வீட்டில் சொன்ன நல்ல வார்த்தை

எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் துட்டி கேட்க வருகிறவர்கள் அழுதுவிட்டு மட்டும் எழுந்து போக மாட்டார்கள். இறந்தவர் தங்களுக்குச் செய்த நல்லது ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால், மனசில் எதையோ வைத்துக்கொண்டு போகிறார்கள் என்று பேச்சாகிவிடும். அதனால் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள்கூட, "போன மழைக்கு எங்க கூரைத் தகரத்த ஏறி அடிச்சுக் கொடுத்தாக" என்றாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

என் வீட்டுக்காரர் கருத்தப்பாண்டிக்கு அந்தக் குறை இல்லை. சூரியநெல்லி ஸ்டாண்டில் ஜீப் ஓட்டியவர். டூரிஸ்ட்களை மலைக்கு ஏற்றிப் போவதுதான் தொழில் என்றாலும், லயத்தில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், யார் ஏணியிலிருந்து விழுந்தாலும் அவருடைய ஜீப்தான் முதலில் வாசலில் நிற்கும். அந்த ஜீப்பிலேயேதான் போனார். காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த சென்னைக்காரர்கள் அவர் சாமி கும்பிடுவதாக நினைத்துக் காத்திருந்தார்களாம்.

துட்டிக்கு வரும் பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதில் ஒரு சங்கடம் உண்டு. என் தோளையும் கழுத்தையும் யாராவது அழுத்திப் பிடித்தால், அடிபட்டுக் கன்றிய இடத்தில் கை வைத்தது போல எனக்கு வலிக்கும். பல வருடமாக அப்படித்தான். அவர் இருந்தால், "ஏ, மெல்ல, மெல்ல. அவ தோளத் தொடாதீக" என்று குறுக்கே வந்து நிற்பார். கல்யாண வீடுகளில்கூட அப்படி நின்றிருக்கிறார். அவர் செத்த வீட்டில் அப்படிச் சொல்ல ஆளில்லை. ஒவ்வொருத்தியும் கட்டிப்பிடிக்க, நான் அழுதது பாதி அவருக்காக, பாதி வலிக்காக. முதல் நாள் முழுக்க எனக்கு அவரைத் தேடியது இதற்காகத்தான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் செய்தது என்ன என்று புரியாது.

நான் தேயிலைக்காட்டில் கொழுந்து எடுக்கிறவள். ஆளுக்கு ஒரு நிரை, ஒரு செடி வரிசை. எஸ்டேட்டில் பெர்மனென்ட் நான்தான். அவர் இல்லை. லயத்து வீடும் என் பேரில் கொடுத்ததுதான். மகள் அஞ்சு பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு எனக்கு வலி ஆரம்பித்தது. முதலில் தோள். பிறகு இடுப்பு, முழங்கை, தொடை. ஒரு இடத்தில் இருந்தால் அங்கே தைலம் தேய்க்கலாம். இது ஊர் சுற்றுகிற வலி. தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரி இருக்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்த வார்த்தை கை நழுவிப் போகும். ஒருமுறை காலையில் வேலை பிரிக்கும் மஸ்டரில் பேர் கூப்பிட்டபோது என் பேருக்கு நானே குரல் கொடுக்காமல் நின்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

போடியில் ஒருவர் வாயு என்றார். தேனியில் ஒருவர் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார். எக்ஸ்ரே சுத்தம், ரத்தம் சுத்தம். எல்லாம் சுத்தம் என்று வரும்போது மற்றவர்களுக்குச் சந்தோஷம், எனக்கு மட்டும் பயம். ஒன்றும் இல்லை என்று ஒவ்வொரு ரிப்போர்ட்டும் சொல்லச் சொல்ல, லயத்தில் என்னைப் பற்றிய பேச்சு மாறியது. "செல்வலட்சுமிக்கு வேல செய்ய மட்டும் வலிக்கும்" என்று முகத்துக்கு நேராகவே ஒருத்தி சொன்னாள். ஒரு நாள் நடக்க முடியாமல் கிடப்பேன், மறுநாள் கோயில் கொடைத் திருவிழாவில் நிற்பேன். பார்க்கிறவர்களுக்கு அது நடிப்பாகத்தான் தெரியும்.

அஞ்சு நர்சிங் முடித்துப் பாலக்காட்டில் வேலைக்குச் சேர்ந்து, கொல்லங்கோட்டில் வாழ்க்கைப்பட்ட பிறகு அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியாக அவரே ஜீப்பில் என்னைக் கொண்டுபோனார். குலுங்கினால் வலிக்கும் என்று என் சீட்டுக்கு அடியில் இரண்டு தலையணை போட்டார். பாலக்காட்டில் ஒரு பெண் டாக்டர் என் உடம்பில் சில இடங்களில் விரலை வைத்து லேசாக அழுத்தினார். அழுத்திய இடமெல்லாம் நான் துள்ளினேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃபைப்ரோமையால்ஜியா என்று பேர் சொன்னார். யாரும் அழுத்தாமலே வாசல் காலிங் பெல் அடித்துக்கொண்டே இருந்தால் எப்படியோ அப்படி, உங்கள் நரம்பு அடிபடாமலே வலி வலி என்று தகவல் அனுப்புகிறது என்றார். முழுதாகப் போகாது, ஆனால் கட்டி மேய்க்கலாம். இரவில் ஒரு சின்ன மாத்திரை. குளிரில் நனையக்கூடாது. தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும். முக்கியமாக, உடம்பு நன்றாக இருக்கும் நாளில் விட்டுப்போன வேலையெல்லாம் சேர்த்துச் செய்யக்கூடாது, செய்தால் அடுத்த நாலைந்து நாள் படுக்கைதான். எஸ்டேட்டில் லேசான வேலை கேட்டுப் பாருங்கள், நான் எழுதித் தருகிறேன் என்றார்.

திரும்பி வரும்போது பொள்ளாச்சியில் டீ குடிக்க நிறுத்தினோம். என் வீட்டுக்காரர் கண்ணாடி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்:

"ஏ செல்வி, பெல்லு தானா அடிக்குதாம்லா. வயரிங்குல கோளாறு. வண்டி நல்ல வண்டிதான்."

நான் சிரித்தேன். பல வருடத்துக்குப் பிறகு என் உடம்பைப் பற்றி ஒருவர் சொல்லி நான் சிரித்தது அன்றுதான். அதன் பிறகு லயத்தில் யார் என்னைக் கேலி பேசினாலும் அவர் அந்தப் பெல்லுக் கதையைச் சொல்வார். எக்ஸ்ரேயில் தெரியாத நோய்க்குச் சாட்சி மனிதர்கள்தான். எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

எஸ்டேட்டில் லேசான வேலை என்றால் கிரஷ். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை. கஞ்சி காய்ச்சவும் தொட்டில் ஆட்டவும் அங்கே ஆயா வேண்டும். அடுப்பு இருப்பதால் கதகதப்பாக இருக்கும். அப்போது பீல்டு ஆபீசராக இருந்தவர் மிக்கேல்ராஜ். பாலக்காட்டு டாக்டர் எழுதியதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். "பாக்கலாம்மா" என்றார். சில நாள் கழித்து மஸ்டரில் கூப்பிட்டு, "இல்லம்மா, சரிப்படாது. நீ நிரைக்கே போ" என்றார். ஏன் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் உப்பை வறுத்துத் துணியில் கட்டி என் தோளில் ஒற்றிக்கொண்டே அவரைத் திட்டியது எனக்கு இப்போதும் கேட்கிறது.

"கொக்கு மாதிரி கழுத்த நீட்டிக்கிட்டு அலையுதான் பாரு. அவன் பொண்டாட்டிக்கு வந்தாத்தான் அவனுக்குத் தெரியும்."

"அப்படிச் சொல்லாதீக" என்பேன்.

"பெறவு எப்படிச் சொல்ல? ஒரு மனுசி கஷ்டம் தெரியாதவன் என்னத்த ஆபீசரு!"

அதிலிருந்து அது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. வலி கூடும் சாயங்காலங்களில் அவர் உப்பு ஒத்தடம் கொடுப்பார், இரண்டு பேரும் மிக்கேல்ராஜைத் திட்டுவோம். கொக்கு என்றால் எங்கள் வீட்டில் அவர்தான். எதிரே வந்தால் நான் வேறு பாதையில் இறங்கிவிடுவேன். கணவன் மனைவிக்குள் ஒற்றுமைக்கு எத்தனையோ காரணம் இருக்கும். எங்களுக்கு இது ஒரு காரணம்.

அந்த மிக்கேல்ராஜ் துட்டிக்கு வந்தார்.

ரிட்டயர்டு ஆகி மறையூர்ப் பக்கம் வீடு கட்டிப் போனவர். கைத்தடி ஊன்றி வந்தார். கழுத்து இன்னும் நீளமாகத்தான் இருந்தது. பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, வழக்கப்படி, நல்லதைச் சொல்லத் தொடங்கினார்.

"பாண்டி மாதிரி குடும்பத்தப் பாக்குத ஆள நான் சர்வீசுல பாத்ததில்ல. ஒரு சம்பவம் சொல்லுதேன். இந்தம்மாவுக்கு லைட் வேல வேணும்னு டாக்டர் எழுதின காயிதம் வந்துச்சு. நானும் கிரஷ்ல போட்ருவோம்னுதான் நெனச்சேன். மறுநாளே பாண்டி என் குவார்ட்டர்சுக்கு வந்துட்டான். என் கையப் புடிச்சுக்கிட்டு விடல. 'சார், லைட் வேலன்னு போட்ராதீக. இன்னைக்கு லைட் வேலம்பாக, நாளைக்கு அன்ஃபிட்டும்பாக, வீட்டக் காலி பண்ணுன்னுருவாக. நாங்க எங்க போவோம்?' கண்ணுல தண்ணி. நான் கேட்டேன், 'ஏப்பா, அந்தம்மா வலியில கெடக்காளே?' 'இல்ல சார், அவளுக்கு ஒடம்புல ஒண்ணும் கெடயாது. மனசுதான். நாலு பேரோட வேலைக்குப் போனா அதுவே சரியாப் போகும்'னான். வீட்டக் காப்பாத்திக் கொடுத்துட்டுப் போயிருக்கான். அவன் அன்னைக்கு வரலேன்னா இன்னைக்கு இந்தப் பொணம் எந்த வாசல்ல கெடந்திருக்கும், சொல்லுங்க?"

பக்கத்தில் இருந்த ஆண்கள் தலையாட்டினார்கள். "ஆமா, ஆமா" என்றார் ஒருவர். யாருக்கும் ஆச்சரியம் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"மனசுதான்னா சொன்னாரு?" என்று கேட்டேன். அன்று நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"ஆமாம்மா. அப்படிச் சொல்லலேன்னா நான் விட்டுருப்பேனா? கிரஷ்க்கு ஆள் கெடைக்காம நானே தேடிக்கிட்டுல்லா இருந்தேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். கைத்தடியை இறுக்கிப் பிடித்தார். "ஒனக்குத் தெரியும்லா?"

பாயில் இருந்த பெண்கள் பாயைப் பார்த்தார்கள். யாரோ, "சாருக்குக் காப்பி கொண்டாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார்கள்.

மிக்கேல்ராஜ் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

பின்பக்கக் குழாயடியில் முத்துப்பேச்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என் அடுத்த வீடு. காட்டில் என் அடுத்த நிரை. என்னால் முடியாத நாட்களில் அவள் எடுத்த கொழுந்தில் இரண்டு கை அள்ளி, யாரும் பார்க்காதபோது என் சாக்கில் போடுவாள். அன்றன்றைக்கு எடுக்க வேண்டிய அளவு எனக்குக் குறையாமல் இருந்தது அதனால்தான். ஒருவர் கொழுந்தை மற்றவர் சாக்கில் போடுவது பிடிபட்டால் இரண்டு பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அவளை நான் கூடப்பிறந்தவளாக நினைத்திருந்தேன்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "எது மதினி?"

"கொக்கு சொன்னது."

"ஆபீசரு வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும். லயத்துல எல்லாத்துக்கும் தெரியும்." சட்டியைக் கவிழ்த்தாள். "அண்ணந்தான் எங்கிட்ட வந்து சொன்னாக. 'முத்து, அவள நிரையிலேயே நிப்பாட்டிட்டேன், நீ கொஞ்சம் கை கொடு'ன்னு. எங்க அம்மாவ டயாலிசிசுக்கு ஜீப்புல கூட்டிட்டுப் போயிட்டு வர ஒரு பைசா வாங்கல அண்ணன். நான் எப்படி மாட்டேங்க?"

"அப்ப அந்தக் கொழுந்து…"

"நான் மனசோடதான் போட்டேன் மதினி. கணக்குப் பாத்துப் போடல."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. எனக்கு வலிக்குன்னு நீ நம்புனியா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வலிக்கும்னுதான் நீ சொல்லுத" என்றாள். "அண்ணன் வேற மாதிரிச் சொன்னாக. கூடப் படுக்குத மனுசனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது?"

நான் அங்கேயே குழாய்த் திண்டில் உட்கார்ந்தேன். உள்ளே யாரோ புதிதாக வந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கியிருந்தார்கள். என்னைத் தேடினார்கள். நான் எழுந்து போகவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் அஞ்சு என்னைக் கொல்லங்கோட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே மலைக்குளிர் இல்லை. கம்பளியை மடித்து வைத்துவிட்டேன். காலையில் விரல்கள் சீக்கிரம் மடங்கின. ஆனால் தூக்கம் வரவில்லை. படுத்தால் இரண்டு பாண்டிகள் வந்து நிற்பார்கள். ஒருவர், எனக்கு வலிக்கிறது என்று தெரிந்தும், வீட்டுக்காக வெளியே போய்ப் பொய் சொன்னவர். இன்னொருவர், எனக்கு ஒன்றுமில்லை என்று உண்மையாகவே நினைத்து, அதையே வெளியே போய்ச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து உப்பு வறுத்துப் பொய்யாக ஒத்தடம் கொடுத்தவர். முதலாமவர் என்றால் என் உடம்பை விற்றுவிட்டார். இரண்டாமவர் என்றால் இத்தனை வருடமும் நான் ஒரு நடிகரோடு குடித்தனம் செய்திருக்கிறேன். கேட்க ஆளில்லை. செத்தவர்களிடம் உள்ள பெரிய கெட்ட குணம் அதுதான், எதற்கும் பதில் சொல்வதில்லை.

அஞ்சுவிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அப்பா ஒனக்காகத்தாம்மா செஞ்சிருப்பாரு. வீடு போயிருந்தா?"

"எனக்காகன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"நீ ஒத்துக்கிட்டிருப்பியா?"

"ஒத்துக்கிட்டிருப்பேன், இல்ல சண்ட போட்டிருப்பேன். அது என் பாடு. நான் நின்ன நிரை அது. என் காலு."

அவள் மாமியார் உள்ளேயிருந்து மோர்ச் சொம்போடு வந்தார். நல்ல மனுஷி. எங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறார்.

"ஏனுங்க சம்பந்தி, ஆம்பளைங்க எல்லாம் அப்படித்தானுங்க. எங்கூட்டுக்காரரு எனக்குச் சக்கரை இருக்கறதை ஊர் பூராச் சொல்லீட்டு, எனக்கு மட்டும் ஒரு வருசம் சொல்லலீங்க. பயந்துக்குவேன்னாராமா. நானு தினமும் லட்டுத் தின்னுட்டிருந்தனுங்க."

அஞ்சு சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரை இவர் கேட்கலாம், திட்டலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம்.

இங்கேயே இருந்துவிடு என்றாள் அஞ்சு. லீவு முடிகிறது என்று சொல்லிக் கிளம்பினேன். உண்மையில் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. லேசான வேலைக்குப் போனால் வீடு போய்விடுமா, போகாதா என்று. அவர் கடைசி வரை பயந்தது நடக்கிற பயமா என்று.

திரும்பி வந்து நிரைக்குப் போன முதல் நாளிலேயே முத்துப்பேச்சி பழையபடி என் சாக்கின் பக்கம் கையைக் கொண்டுவந்தாள். "வேண்டாம்" என்றேன். அவள் கை கொழுந்தோடு அந்தரத்தில் நின்றது. பிறகு தன் சாக்கிலேயே போட்டுக்கொண்டாள். பனி இறங்கி, என் இடுப்பிலும் முதுகிலும் சுற்றிக் கட்டிய படங்குத் துணி நனைந்திருந்தது. கொழுந்து வெட்டும் கத்திரியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் முழங்கையிலிருந்து கழுத்து வரை ஒரு கம்பி இழுக்கும். நல்ல நாளில் அதிகமாகச் செய்யாதே என்று பாலக்காட்டு டாக்டர் சொன்னார். கெட்ட நாளில் குறையச் செய்ய எங்கே இடம் இருக்கிறது? நிரை ஒன்றுதான். எல்லோருக்கும் அதே நீளம்.

நிறுவையில் எனக்குக் குறைந்தது. மறுநாளும் குறைந்தது. புதிதாக வந்திருந்த பீல்டு ஆபீசர் பையன், "என்ன செல்வலட்சுமிக்கா, சேட்டன் போனதோட கையும் போச்சா?" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். பின்னால் நின்ற யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் என் சாக்கு இத்தனை நாள் எப்படி நிறைந்தது என்று தெரியும்.

அங்கிருந்து நேரே எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் டிஜோ சின்ன வயசு, தொடுபுழைக்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலி, பாலக்காட்டு டாக்டர், மாத்திரை. அவர் என் பழைய பக்கங்களைப் புரட்டிவிட்டுத் தயங்கினார்.

"சேச்சி, முன்னாடி இருந்த டாக்டர்கிட்டயும் உங்க பர்த்தாவு வந்து பேசிட்டுண்டு. மனசுதான் பிரச்சினைன்னு."

"அங்கயுமா?" என்றேன். அதற்கு மேல் எனக்கு அதிர்ச்சி வரவில்லை. ஒரு அளவுக்கு மேல் வலி கூடினால் அது வேறு வலியாகத் தெரியாது. இதுவும் அப்படித்தான்.

அவர் எழுந்து வந்து என் தோளிலும் முழங்காலிலும் விரலை வைத்துப் பார்த்தார். பாலக்காட்டு டாக்டர் பார்த்த அதே இடங்கள். நான் துள்ளியதும் கையை எடுத்துக்கொண்டார்.

"இது நெஜமாவே உள்ள சூக்கேடு, நோயுதான். தோணல் ஒண்ணும் இல்லை. நான் எழுதலாம் சேச்சி. ஆனா எழுதினா கம்பெனி என்ன செய்யும்னு எனக்கு உறுதியா சொல்ல முடியாது. சில எடத்துல அன்ஃபிட் ஆக்கி அனுப்பிட்டுண்டு. உங்க பர்த்தாவு பயந்தது வெறுதே இல்லை. நீங்கதான் தீருமானிக்கணும்."

நீங்கதான் தீருமானிக்கணும். இந்த ஒன்றைத்தான் என் வீட்டுக்காரர் எனக்குத் தரவில்லை. வீடு போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று என் முன்னால் வைத்திருந்தால், நானேகூட நிரையைத் தேர்ந்தெடுத்திருப்பேன். தேர்ந்தெடுத்து நின்றிருந்தால் அந்த வலி வேறு மாதிரி வலித்திருக்கும்.

"எழுதுங்க" என்றேன்.

வீடு போனால் போகட்டும் என்ற தைரியம் எனக்கு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அன்று வீட்டுக்கு வந்து அடுக்களையில் நின்று ஒவ்வொரு சுவராகப் பார்த்தேன். அஞ்சு பிறந்த வீடு. பாத்திரங்களில் எதைக் கொல்லங்கோட்டுக்குக் கொண்டுபோவது, எதை முத்துப்பேச்சி கேட்டாலும் கொடுக்காமல் விடுவது என்றெல்லாம் யோசித்தேன். அட்டைப்பெட்டிகூடக் கடையில் கேட்டு வாங்கி வைத்தேன்.

அடுத்த வாரம் மஸ்டரில் அந்தப் பையன் பேர் கூப்பிட்டான். என் பேர் வந்ததும், "கிரஷ்" என்றான். அவ்வளவுதான். அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டான்.

நான் நகராமல் நின்றேன். "வீடு?" என்றேன்.

"வீட்டுக்கு என்னக்கா?"

"வீடு இருக்கும்லா?"

"வீடு எங்க போகும்? நீங்க வேலையில இருக்கீங்க, வீடு இருக்கும். போங்க, பிள்ளைங்க வந்திருக்கும்."

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேச்சி மட்டும் படங்கை இடுப்பில் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கிரஷ்க்குப் போகும் இறக்கத்தில் பாதி வழியில் ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அவர் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. வீடு போயிருந்தால், "மனுசன் சரியாத்தான் பயந்திருக்கார்" என்று ஒரு மூலையிலாவது அவரை வைத்திருப்பேன். இவ்வளவு லேசாக நடந்துவிட்டது. ஒரு தடவை கேட்டால் போதுமாக இருந்தது. மிக்கேல்ராஜ் காலத்தில் சட்டம் வேறாக இருந்திருக்கலாம், கம்பெனி வேறு மாதிரி செய்திருக்கலாம், யாருக்குத் தெரியும்? ஆனால் அவரும் கேட்டுப் பார்க்கவில்லை, என்னையும் கேட்க விடவில்லை.

கிரஷ்ஷில் வேலை எனக்குப் பொருந்திவிட்டது. உட்காரலாம், எழுந்து நடக்கலாம். முடியாதபோது சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு தொட்டில் கயிற்றைக் கட்டைவிரலில் மாட்டி ஆட்டலாம். வலி போகவில்லை, அது போகிற வலி இல்லை. ஆனால் மாதத்தில் எழுந்து நடமாடும் நாட்கள் கூடியிருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள்தான் துணி துவைக்கிறேன், அதையும் பாதி பாதியாக. தெம்பாக இருக்கும் நாளில் பரண் சுத்தம் செய்யலாமா என்று கை பரபரக்கும். செய்வதில்லை. லயத்தில் சிலர், "இப்ப நல்லாத்தான இருக்கா" என்று பேசுகிறார்களாம். பேசட்டும்.

முத்துப்பேச்சி தன் பேரப்பிள்ளையைத் தினமும் காலையில் என்னிடம்தான் விட்டுவிட்டுப் போகிறாள். "பால் குடிச்சுட்டான் மதினி" என்பாள். "சரி" என்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் இன்னும் பேச்சு நடக்கவில்லை.

போன மாதம் அஞ்சு வந்தாள். பாலக்காட்டில் கொடுத்து அவள் அப்பாவின் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஜீப்பின் பானெட்டில் சாய்ந்து நிற்கிற படம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார்.

ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அவள் நேரே உள்ளறைக்குப் போனாள். நான் படுக்கும் அறை. என் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.

"இங்க மாட்டுனா நீ படுத்துக்கிட்டே அப்பாவப் பாக்கலாம்மா."

"அங்க வேண்டாம்."

"ஏன்?"

"முன்னாடி மாட்டு. ஊர்ல உள்ளவுக வருவாக, பாத்துட்டுப் போவாக. அவுகளுக்கு நல்ல மனுசன்தான்."

அஞ்சு சுத்தியலைக் கீழே இறக்கினாள். "ம்மா, செத்தவர் மேல இன்னும் கோவமா?"

"கோவம் இருக்கு. அதுக்காகச் சொல்லல." நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அன்று காலையிலிருந்தே இடுப்பு சரியில்லை. "வலி வரும்போது நான் இங்கதான் படுக்கேன். அப்ப என்னப் பாத்துக்கிட்டு அவரு இங்க இருக்க வேண்டாம்."

அவள் சுவரில் வைத்த பென்சில் புள்ளியை விரலில் எச்சில் தொட்டு அழித்தாள். முன்னறையில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடியும் என் தோளில் வந்து விழுந்தது. நான் எழுந்து போய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தேன்.